நாணய நிதிய உடன்பாடு: எதிர்க்கட்சித் தலைவர் கேட்பதற்கு அரசாங்கம் பதில் சொல்லிவிட்டதா?

நெடுந்தீவான்

சர்வதேச நாணய நிதியத்துடன் இலங்கையின் முந்தைய அரசாங்கம் செய்துகொண்ட கடன் உடன்பாட்டை மாற்றியமைப்போம் என்று வாக்குக் கேட்ட தேசிய மக்கள் சக்தி, ஆட்சிக்கு வந்ததும் அதையே தொடர்வது ஏன் என்று எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாச சபைக்கு உள்ளேயும் வெளியேயும் கேட்டு வருகிறார். இதைத் தோற்றவரின் புலம்பல் என்று பலர் ஒதுக்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பாருங்கள். 2024 செப்டம்பர் 19 அன்று, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டே நாட்கள் இருக்கையில், பிணைமுறி உரிமையாளர்களுடன், அதாவது அரசாங்கத்தின் கடன் பத்திரங்களை வைத்திருப்போருடன், கொள்கையளவிலான இணக்கம் எட்டப்பட்டதாக அன்றைய அரசாங்கம் அறிவித்தது. நவம்பர் 14 பொதுத்தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களைப் பெற்றது. நவம்பர் 21 அன்று ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க கொள்கை விளக்க உரை ஆற்றினார். 23 அன்று திட்டத்தின் மூன்றாவது மீளாய்வுக்கு நிதியத்தின் அலுவலர் மட்ட இணக்கம் வந்தது. டிசம்பரில் சுமார் 12.5 பில்லியன் டொலர் பெறுமதியான பழைய பிணைமுறிகள் புதியவையாக மாற்றப்பட்டன. கடன் நிலைபேறு, அதாவது நாட்டால் கடனைத் தாங்க முடியுமா என்பது குறித்து மாற்றுப் பகுப்பாய்வு ஒன்றைச் செய்வோம் என்பது விஞ்ஞாபனத்தில் இருந்த வாக்குறுதி. அது செய்யப்பட்டதா, செய்து பார்த்துக் கைவிடப்பட்டதா, தொடங்கப்படவே இல்லையா? மூன்றில் இரண்டு பெரும்பான்மை உள்ள அரசாங்கம் இதற்கு ஒரு பக்கத்தில் எழுத்துமூலம் பதில் தரலாமே.

கந்தப்பளைத் தோழர்

நண்பர் நெடுந்தீவான் அவர்களே, நீங்கள் தந்த திகதிகளே உங்களுக்கு விடை சொல்கின்றன. பதவிக்கு வந்தபோது எங்கள் கையில் கிடைத்தது ஏறத்தாழ முடிந்துபோன ஒரு பேச்சுவார்த்தை. கடன் தந்த நாடுகளின் உத்தியோகபூர்வ கடன் வழங்குநர் குழுவுடனும் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியுடனும் ஜூன் மாதத்திலேயே கையெழுத்தாகிவிட்டது. அதைக் கலைத்திருந்தால் நிதியத்தின் தவணை நின்றிருக்கும். 2022இல் எரிபொருள் வரிசையில் இரவு பகலாகக் காத்துக்கிடந்த மக்களை மீண்டும் அங்கேயே கொண்டுபோய் நிறுத்துவதற்கு எந்தப் பொறுப்புள்ள அரசாங்கமும் துணியாது. பொருளாதாரம் நூலிழையில் நிற்கிறது, சிறு தவறுக்கும் இடமில்லை என்பதைத்தான் ஜனாதிபதி அந்த உரையிலேயே சபைக்கு விளக்கினார். அது பதில் இல்லையா?

அதோடு, கேட்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். நாடு வங்குரோத்தடைந்து நின்ற 2022 மே மாதத்தில் பொறுப்பேற்கத் தயங்கி நிபந்தனைகளை அடுக்கியவர் அவர். 2024 தேர்தலில் அவருடைய ஐக்கிய மக்கள் சக்தியும் இதே உடன்பாட்டை மீளப் பேசுவதாகத்தான் சொன்னது. அவர் வென்றிருந்தால் மட்டும் பிணைமுறிக்காரர்கள் பூச்செண்டோடு வந்திருப்பார்களா?

எங்களால் இயன்ற இடத்தில் மாற்றம் செய்திருக்கிறோம். மாத வருமான வரிக்கான விலக்கு எல்லை ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சமாகியது. அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக உயர்த்துவதற்கு வரவு செலவுத் திட்டத்தில் வழி செய்யப்பட்டது. இவையெல்லாம் அதே நிதியத்தோடு பேசி, அதே சட்டகத்துக்குள் இருந்து பெற்றவை.

கணக்காய்வாளன்

தோழர் அவர்கள் 'அதே சட்டகம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். எனக்கு அந்த இடத்தில்தான் நிற்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் எதிர்க்கட்சியின் கேள்வி உண்மையில் அந்தச் சட்டகத்தைப் பற்றியது. சம்பளத்தையோ வரி எல்லையையோ பற்றியது அல்ல.

முதன்மை மிகை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதமாக இருக்க வேண்டும். பொதுக் கடன் 2032ஆம் ஆண்டுக்குள் 95 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். இவை நிதியத்தின் பகுப்பாய்விலிருந்து பிறந்து 2024ஆம் ஆண்டின் பொருளாதார மாற்றச் சட்டத்திலும் எழுதப்பட்ட இலக்குகள். வட்டியைச் சேர்க்காமல் பார்த்தால் அரசாங்கம் பெறுவதைவிடக் குறைவாகவே செலவழிக்க வேண்டும் என்பதுதான் முதன்மை மிகையின் பொருள். வரவு செலவுத் திட்டத்தில் எந்த அமைச்சர் எதைக் கேட்டாலும் திறைசேரி அவருக்குக் காட்டும் சுவர் இதுதான். மாற்றுப் பகுப்பாய்வு என்ற வாக்குறுதியின் நோக்கமே இந்தச் சுவரைச் சற்றுப் பின்னால் தள்ளுவதுதான்.

பிணைமுறி விடயம் இன்னும் சிக்கலானது, இதை ஊடகங்களும் சரியாக விளக்கவில்லை. மாற்றப்பட்ட பிணைமுறிகளில் ஒரு பெரும் பகுதி பொருளாதாரத்தின் அளவோடு இணைக்கப்பட்டவை. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளின் சராசரி உற்பத்தி, டொலர் கணக்கில், நிதியம் கணித்த மட்டத்தைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தாண்டினால் 2028 முதல் நாம் செலுத்தும் தொகை கூடும்; குறிப்பிட்ட அளவுக்குக் கீழே விழுந்தால் குறையும். ரூபாய் வலுப்பெற்றாலே டொலர் கணக்கில் உற்பத்தி பெருத்துத் தெரியும் என்பதால், உண்மையான வளர்ச்சியையும் பார்க்கும் ஒரு தடுப்பு நிபந்தனையை உள்ளே வைத்திருக்கிறார்கள். அது போதுமானதா என்பதில் அறிஞர்களே ஒத்துப்போகவில்லை. நிதியத்தின் கணிப்பு மிகத் தாழ்வாக இருந்திருந்தால், நாம் சாதாரணமாக எழுந்து நின்றதற்கே கடன்காரருக்கு மேலதிகமாகக் கட்ட நேரிடும். நமக்கென்று சொந்தக் கணிப்பு ஒன்று தேவைப்பட்டது இதனால்தான். சஜித் கேட்டாலும் வேறொருவர் கேட்டாலும் இது கேட்கப்பட வேண்டியதே.

சுன்னாகம் ஆலை

எல்லோரும் பில்லியன் கணக்கில் பேசுகிறீர்கள். நான் மிளகாய்த்தூளும் மாவும் அரைக்கிற சிறிய ஆலை ஒன்றை நடத்துபவன். மின்கட்டணத்தை மூன்றிலொரு பங்கால் குறைக்கலாம் என்று தேர்தல் மேடைகளில் பேசினார்கள். 2025 ஜனவரியில் சராசரியாக 20 சதவீதம் குறைத்தார்கள். ஜூனில் 15 சதவீதம் கூட்டினார்கள். ஜனவரியில் அரைகூலியைக் குறைக்கச் சொல்லிக் கேட்ட ஆச்சிக்கு, 'பொறுங்கோ, இது நிக்குதோ எண்டு பாப்பம்' என்று சொல்லி அனுப்பினேன். ஜூன் பட்டியல் வந்ததும் அவரே வந்து, 'நல்லகாலம் நீ குறைக்கேல்லை, குறைச்சிருந்தால் இப்ப கூட்டியிருப்பாய்' என்றார். குறைத்தபோதும் கூட்டியபோதும் ஏன் என்று யாரும் எங்களுக்கு விளக்கவில்லை என்பதுதான் என் குறை.

கந்தப்பளைத் தோழர்

ஆலைக்கார அண்ணன் அவர்களுக்கு: நூறு ரூபாய் கட்டணம் ஜனவரியில் எண்பதாகி, ஜூனில் தொண்ணூற்றிரண்டாகியது. அதாவது நாங்கள் பொறுப்பேற்றபோது இருந்ததைவிட ஜூன் உயர்வுக்குப் பிறகும் எட்டு ரூபாய் குறைவு. எதிர்க்கட்சி மேடையில் இந்தக் கணக்கைச் சொல்லமாட்டார்கள்.

கணக்காய்வாளன்

கணக்குச் சரி. ஆனால் ஜூன் உயர்வு எங்கிருந்து வந்தது? உற்பத்திச் செலவை ஈடுசெய்யும் கட்டணத்துக்கு மீளத் திரும்ப வேண்டும் என்பது நான்காவது மீளாய்வுக்கு நிதியம் முன்கூட்டியே விதித்த நிபந்தனை. ஜூன் மாதம் கட்டணம் உயர்ந்தது. ஜூலை 1 அன்று நிதியத்தின் நிறைவேற்றுச் சபை மீளாய்வை நிறைவு செய்தது. மின்கட்டணத்தைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு சுயாதீனமாகத் தீர்மானிக்கிறது என்று அமைச்சர்கள் சொல்வது சட்டப்படி உண்மை. அந்தத் தீர்மானத்துக்கான எல்லை எங்கே வரையப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. ஜனவரியில் குறைத்தபோதே அது நிலைக்காது என்பது திறைசேரிக்குத் தெரிந்திருந்ததா என்றுதான் நான் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தால் கேட்பேன்.

வன்னி வாசகி

யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்த மக்கள் நாணய நிதியத்துக்காக மட்டும் வாக்களிக்கவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்பதும் வாக்குறுதிதான். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018இல் முடிந்தது. இன்னும் தேர்தல் இல்லை. மின்கட்டணத்துக்குக் காட்டும் வேகத்தில் பாதியையாவது எதிர்க்கட்சித் தலைவர் இவற்றுக்கும் காட்டினால், அவர் தேசியக் கொள்கை பற்றித்தான் பேசுகிறார் என்று நானும் ஒப்புக்கொள்வேன்.

நெடுந்தீவான்

சகோதரி சொல்வது முற்றிலும் நியாயம், தனி இழையாகவே பேச வேண்டியது. இங்கே கடன் விடயத்தோடு நிற்போம்.

தோழர் அவர்களே, 'நேரமில்லை, கலைத்தால் எல்லாம் கவிழும்' என்பது நவம்பர் 2024க்குப் பொருந்தும் வாதம். அதை நான் ஏற்கிறேன். ஆனால் அதே நிலைமை தேர்தலுக்கு முன்பும் தெரிந்த ஒன்றுதானே? ஏப்ரல் 2022இல் கடன் கட்டுவதை நிறுத்தியதும், மார்ச் 2023இல் நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 3 பில்லியன் டொலர் திட்டம் ஒப்புதலானதும் ஊரறிந்தவை. மாற்ற முடியாது என்பது தெரிந்திருந்தும் மாற்றுவோம் என்றார்களா, அல்லது உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் முடியாது என்று கண்டார்களா? இரண்டாவது என்றால், உள்ளே கண்டது என்ன என்பதைச் சபையில் வைப்பதில் என்ன தடை?

எதிர்க்கட்சியிடமும் எனக்குக் குறை உண்டு. நாடாளுமன்ற நடைமுறை விதியான நிலையியற் கட்டளை 27(2)இன் கீழ் கேள்வியை வாசித்துவிட்டு, அன்று மாலையே ஊடகச் சந்திப்பில் அதையே மீண்டும் வாசிப்பது விசாரணை ஆகாது. அரசாங்க நிதி பற்றிய குழுவின் தலைவர் ஹர்ஷ டி சில்வா அவர்களுடைய கட்சிக்காரர். திறைசேரி அதிகாரிகளை எதிரே இருத்தி, எந்தக் கணிப்பை வைத்துப் பிணைமுறிகளை மாற்றினீர்கள் என்று வரி வரியாகக் கேட்க அந்தக் குழு போதும்.

கந்தப்பளைத் தோழர்

குழுவில் கேட்கட்டும், மறுப்பில்லை. அதிகாரிகள் வந்து சொல்வார்கள். ஆனால் கேட்பவர் தன் எண்ணையும் மேசையில் வைக்க வேண்டும். 2.3 அதிகம் என்றால் எவ்வளவு போதும்? 1.5 என்றால், அந்த இடைவெளியை எந்தக் கடன்காரர் விட்டுக்கொடுத்திருப்பார்? ஐக்கிய மக்கள் சக்தியில் பொருளாதாரம் படித்தவர்களுக்குக் குறைவில்லை. ஓர் ஆண்டாகியும் அந்த எண் வரவில்லை.

நெடுந்தீவான்

எண்ணை அவர்கள் வைக்கத்தான் வேண்டும். வைக்காதவரை அவர்களின் விமர்சனம் பாதியாகவே இருக்கும் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இரு தரப்பின் பொறுப்பும் சமமல்ல. பேச்சுவார்த்தையின் கோப்புகளும் திறைசேரியின் கணிப்புகளும் எதிர்க்கட்சியின் அலமாரியில் இல்லை. 2028இலிருந்து பிற நாடுகளிடம் வாங்கிய இருதரப்புக் கடன்களின் முதலும் சேர்த்துக் கட்டத் தொடங்கும்போது எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், இன்று மூடிவைத்திருக்கும் அந்தக் கோப்பை அன்று திறந்தே ஆகவேண்டும்.