திம்பம் இறக்கத்தில் ஜீப்பின் முன்பக்கம் லேசாகிறது: பட்டை சேர்க்கலாமா?

தாளவாடிக்காரன்:
வணக்கம். அப்பா காலத்து எம்.எம். 540 ஜீப் ஒன்று வைத்திருக்கிறேன். தோட்டத்து மக்காச்சோளத்தைச் சத்தியமங்கலத்துக்கு அதில்தான் இறக்குகிறேன். மூட்டைக்கு 60 கிலோ, ஒரு நடைக்கு ஏழு மூட்டை. ஐந்து உள்ளே, இடம் போதாமல் இரண்டை, பின்கதவைச் சங்கிலியில் படுக்கவைத்து அதன்மேல் கட்டுகிறேன்.

தோட்டத்து மண்பாதையில் வண்டி முனகுவதுகூட இல்லை. திம்பம் மலைச்சாலை இறக்கத்தில்தான் வம்பு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி சற்று யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது. அந்தி நேரத்தில் ஹெட்லைட் சாலையை விட்டுவிட்டு மூங்கில் உச்சியைக் காட்டுகிறது. போன வாரம் பாதி வளைவுகள் தாண்டியதும் கருகல் வாசம். பிரேக்கை மிதித்தால் கல்லை மிதித்ததுபோல் இருக்கிறது, வண்டிதான் நிற்கவில்லை. கியரைக் குறைத்து, கைபிரேக்கையும் பிடித்துப் பிடித்து அடிவாரத்துப் பண்ணாரிக்கு வந்து சேர்ந்தேன்.

பின் அச்சில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை அடுக்கில் இன்னும் இரண்டு பட்டை சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறார்கள் இங்குள்ள பட்டறையில். சேர்க்கலாமா? நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு 420 கிலோ ஒரு பாரமா?

குன்னத்தூரான்:
இதே ஜீப்பில் எங்கள் மாமா பத்து மூட்டை ஏற்றுவார். தாராளமாகப் பட்டை போடுங்கள்.

சங்ககிரி லாரி:
மாமா ஏற்றியது குன்னத்தூர்ச் சமவெளியிலா, திம்பத்திலா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

தம்பி தாளவாடி, முப்பது வருடம் லாரி ஓட்டியவன் சொல்கிறேன். நான்கு சக்கரம் இழுப்பது சேற்றிலிருந்து ஏறி வருவதற்கு. சுமக்கிற அளவு அதனால் ஒரு கிலோகூட அதிகமாகாது. நிறுத்துகிற பிரேக்கும் அதேதான். ஆர்.சி. புத்தகத்தில் வெற்று வண்டி எடை, மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். கழித்துப் பாருங்கள். அந்த மிச்சத்தில்தான் மூட்டை, நீங்கள், பக்கத்தில் உட்காருகிற ஆள், ஸ்டெப்னிக்கு மேல் கிடக்கிற மண்வெட்டி எல்லாம் அடங்க வேண்டும்.

அடுத்தது இறக்கம். 27 கொண்டை ஊசி வளைவு. எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். அதைத் திம்பம் உச்சியிலேயே போட்டுவிட வேண்டும், பாதியில் தேடக் கூடாது. பிரேக்கை ஓயாமல் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். அழுத்தி வேகத்தைக் குறைத்து, காலை முழுதாக எடுங்கள். சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிரம் கொஞ்சம் மூச்சு விடட்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; வெடிப்பு விடும். அந்த வேலை வேண்டாம்.

நாமக்கல் பட்டறை:
அண்ணன் சொன்னது சரி. பட்டைக் கேள்விக்கு நான் வருகிறேன்.

முன்பக்கம் லேசாவதற்குப் பட்டை காரணமே இல்லை. அந்த ஜீப்பின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 91 அங்குலம். பின்கதவின் மேல் இருக்கிற இரண்டு மூட்டைகளின் நடுப்பகுதி பின் அச்சைத் தாண்டி 36 அங்குலம் என்று வையுங்கள். 36ஐ 91ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.4. அந்த 120 கிலோ, முன்சக்கரங்கள்மேல் இருக்கும் எடையில் 47 கிலோவைத் தூக்கிவிடுகிறது. பின் அச்சில் 167 கிலோவாக உட்காருகிறது. கிணற்று ஏற்றம்போலத்தான். பட்டை சேர்த்தால் பின்பக்கம் நிமிரும், ஹெட்லைட்டும் கீழே இறங்கும், பார்வைக்கு எல்லாம் சரியானதுபோல் இருக்கும். அந்த 47 கிலோ திரும்பி வராது. இருக்கிற பாரம் தெரியாமல் போவதுதான் ஆபத்து.

உங்கள் பட்டையில் ஒன்று உடைந்தோ, தளர்ந்தோ இருந்தால் மாற்றுங்கள், அது வேறு. பட்டையை அச்சோடு பிடிக்கிற யூ போல்ட்டைக் கழற்றினால் நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்க வேண்டும். பட்டையின் பின்முனையைத் தாங்குகிற ஷேக்கிள் பிடிக்கிற இடத்தில் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, சுத்தியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் நல்லது. சொத்தென்று கேட்டால் உள்ளே துரு.

பெடல் கல்லாக இருந்து வண்டி நிற்கவில்லை என்றால் டிரம்மை உள்ளிருந்து உரசி நிறுத்துகிற லைனிங் சூட்டில் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சுபோல் உள்ளே போயிருந்தால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது என்று சொல்லியிருப்பேன். அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 வகை புதிதில் 205 டிகிரி தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அதற்கு விதித்திருக்கிற அளவே 140தான். எப்போது மாற்றினீர்கள்? நான்கு டிரம்மையும் கழற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

தாளவாடிக்காரன்:
கழற்றிவிட்டேன். பின்பக்க இடது டிரம்மைத் தட்டி எடுத்ததும் உள்ளே கறுப்பாக ஈரம். விரலில் தொட்டு முகர்ந்தால் பின் அச்சுப் பல்சக்கரத்துக்கு ஊற்றுகிற கிரவுன் ஆயில் நாற்றம். ஆயிலைத் தடுக்கிற சீல் போயிருக்கிறது, லைனிங் முழுக்க ஊறிக் கிடக்கிறது. மற்ற மூன்றும் சேர்ந்துதான் இத்தனை நாள் நிறுத்தியிருக்கின்றன. பிரேக் ஆயில் மாற்றியது அப்பாவுக்கே நினைவில்லை.

எடை மேடையிலும் பார்த்தேன். முன்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி, வெறும் வண்டியாக ஒரு முறை, பழையபடி ஏழு மூட்டையோடு ஒரு முறை. 40 கிலோ குறைகிறது. ஏழு மூட்டை ஏற்றியும் முன்னால் எடை குறைகிறது என்றால் மேடைக்காரரே நம்பாமல் இரண்டாவது முறை போடச் சொன்னார்.

இன்னொரு சந்தேகம். இறக்கத்தில் நான்கு சக்கர லோ கியர் போட்டுக்கொள்ளலாமா?

நாமக்கல் பட்டறை:
தோட்டத்து மண் இறக்கத்தில் போடுங்கள், அருமையாகப் பிடிக்கும். காய்ந்த தார்ச் சாலையில் வேண்டாம். வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள இந்த வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் என்கிற பல்சக்கரப் பெட்டி கிடையாது. மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி ஈடுகட்டிக்கொள்ளும். தாரில் முறுக்கு ஏறி ஸ்டியரிங் விறைக்கும், கியர் பல் போகும். திம்பத்தில் பின்சக்கர ஓட்டம், இரண்டாம் கியர். வளைவில் அதுவும் வேகமாகத் தெரிந்தால் முதல் கியர்.

ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போட்டுவிடாதீர்கள். சீல் புதிது, பின்னால் இரண்டு பக்கத்துக்கும் லைனிங் புதிது. மூட்டைகளை முன்சீட்டு முதுகோடு ஒட்டி, தரையோடு அடுக்குங்கள். கயிற்றைப் படுதாக் கம்பியில் கட்டாமல் பாடியின் கொக்கியில் கட்டுங்கள்.

சங்ககிரி லாரி:
டயரையும் பாருங்கள் தம்பி. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. பூ இருக்கிறதே என்று பழைய டயரை நம்பிப் பாரம் ஏற்றாதீர்கள்.

தாளவாடிக்காரன்:
சீல், லைனிங், பிரேக் ஆயில் மாற்றியாகிவிட்டது. பட்டை சேர்க்கவில்லை. ஆர்.சி.யில் கழித்துப் பார்த்து, ஐந்து மூட்டையோடு நேற்று இறங்கினேன். பின்கதவு மூடியிருந்தது. திம்பம் உச்சியில் ஒரு டீ, அங்கேயே இரண்டாம் கியர். பண்ணாரியில் இறங்கி டிரம் பக்கம் கையைக் கொண்டுபோனேன். சூடு இருந்தது, வாசம் இல்லை. மிச்சம் இரண்டு மூட்டையை பஸ்ஸில் போட்டுவிட்டேன். கண்டக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டே லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.