புது எலக்ட்ரிக் பிரஷர் குக்கர், விசிலே வரல, கணக்கு எப்படி வெக்கிறது?

பெல்லந்தூர்_வாசி:
எல்லாருக்கும் வணக்கம். காலைல கேஸ் முன்னாடி நின்னு விசில் எண்ணிக்கிட்டே காதுல மீட்டிங் ஓட்டறது இனிமே ஆகாதுன்னு ஒருவழியா ஆறு லிட்டர் எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் வாங்கிட்டோம். கூட வந்த புக்ல சூப்பு, ஓட்ஸ், யோகர்ட், ஏதேதோ ஸ்ட்யூன்னு இருக்கு, சாதம் பருப்புக்கு உருப்படியா ஒரு வரி இல்ல. நேத்து துவரம்பருப்பு போட்டு 8 நிமிஷம் வெச்சேன், ரொம்ப நேரம் 'ஆன்'னு மட்டும் காட்டிட்டு சும்மா இருந்துச்சு, சத்தமும் இல்ல ஆவியும் இல்ல, ரிப்பேர் பீஸ் அனுப்பிட்டாங்களோன்னு பயந்தே போயிட்டேன். அப்புறம் திடீர்னு 8லேர்ந்து இறங்க ஆரம்பிச்சுது. முடிஞ்சு திறந்து பாத்தா பருப்பு முத்து முத்தா நிக்குது, மத்து போட்டு கடைஞ்சாலும் மசியல. மூணு விசில்னா இதுல எத்தனை நிமிஷம்? சோனா மசூரிக்கு தண்ணி எவ்வளவு? சாதமும் பருப்பும் ஒரே நேரத்துல வெக்க முடியுமா? இட்லி ஊத்தலாமா? அடுத்த வாரம் திருச்சிலேர்ந்து மாமியார் வர்றாங்க, அதுக்குள்ள இதோட பழகணும், ப்ளீஸ் யாராவது சொல்லுங்க.

மல்லேஸ்வரம்_அக்கா:
ரிப்பேர்லாம் இல்லம்மா, எல்லாருக்கும் முதல் நாள் இதே பயம்தான். 'ஆன்'னு காட்டறது பிரஷர் ஏறிட்டிருக்குன்னு அர்த்தம். உள்ள இருக்கற தண்ணி அளவ பொறுத்து பத்து பதினஞ்சு நிமிஷம் ஆகும், மூடில ஒரு சின்ன பின் இருக்கு பாரு, அது மேல எழும்பி மூடி லாக் ஆகி, பிரஷர் முழுசா நின்னதுக்கு அப்புறம்தான் நீ வெச்ச நிமிஷத்த எண்ணவே ஆரம்பிக்கும். அதனால 8 நிமிஷம்னா 8 நிமிஷத்துல சாப்பாடுன்னு நினைக்காத, ஏற ஒரு நேரம், வேக ஒரு நேரம், அடங்க ஒரு நேரம், மூணையும் கூட்டிக்கோ. விசில மறந்துடு, இத்தனை விசிலுக்கு இத்தனை நிமிஷம்னு கணக்கே கிடையாது, அவங்கவங்க அடுப்பு, தீ, குக்கர் சைஸ்க்கு ஏத்த மாதிரி விசில் மாறும், அத பிடிச்சுக்கிட்டு இங்க வந்தா குழப்பம்தான்.

சமையலுக்கு முன்னாடி மூணு கப் வெறும் தண்ணி ஊத்தி, மூடி மேல இருக்கற வால்வ 'சீலிங்' பக்கம், அதாவது ஆவி வெளிய போகாம அடைக்கற பக்கம் திருப்பி, 5 நிமிஷம் ஓட விடு. பின் எழும்புதா, மூடி ஓரத்துல ஆவி கசியுதான்னு தெரிஞ்சிடும். ஓரத்துல ஆவி வந்தா மூடிக்கு உள்பக்கம் இருக்கற ரப்பர் சரியா உக்காரலன்னு அர்த்தம், கழட்டி சுத்தி அமுக்கி விடு.

சோனா மசூரி ஒரு கப்புக்கு ரெண்டு கப் தண்ணி, ஹை பிரஷர்ல 6 நிமிஷம், முடிஞ்சதும் 10 நிமிஷம் அப்படியே விட்டுட்டு அப்புறம் வால்வ திருப்பி மிச்ச ஆவிய எடு. உங்க மாமியார் குழைவா சாப்பிடறவங்கன்னா ரெண்டரை கப் ஊத்து. ரைஸ் பட்டன எல்லாம் நம்பாத, அது லோ பிரஷர்ல வேற ஏதோ அரிசிக்குன்னு வெச்சிருக்கான், மேனுவல்ல நீயே நிமிஷம் போட்டுக்கறதுதான் நல்லது. பருப்பு ஒரு கப்புக்கு மூணு கப் தண்ணி, அரை மணி ஊறினது, 10 நிமிஷம், ஆவி தானா அடங்கணும். நடுவுல வால்வ திருப்பினா பருப்பு நுரை மஞ்சளோட சேர்ந்து வால்வ் வழியா பீச்சி அடிக்கும், டைல்ஸ் பூரா தொடைக்கணும். பருப்பு, அரிசி மாதிரி பொங்கறது எதுவா இருந்தாலும் பாத்திரத்துல பாதிக்கு மேல போகக்கூடாது, உள்ள கோடு போட்டிருக்கும் பாரு.

ரெண்டும் ஒண்ணா தாராளமா வெக்கலாம், நம்ம செப்பரேட்டர் அடுக்கு மாதிரியேதான். அடியில ஒன்றரை கப் தண்ணி, கம்பி ஸ்டாண்டு, அது மேல பருப்பு பாத்திரம், அது மேல அரிசி பாத்திரம். பாத்திரத்துல வெக்கும்போது சூடு மெதுவா போகும், அதனால ரெண்டுக்கும் சேத்து 12 நிமிஷம் வெச்சிடு. இன்னொண்ணு, காலைல தூக்கக் கலக்கத்துல உள்பாத்திரம் வெக்காமலே அரிசியும் தண்ணியும் கொட்டற ஆளுங்க நிறைய, மிஷின் அதோட போச்சு. அளக்கறதையே கவுண்டர்ல உள்பாத்திரத்துல அளந்து, வெளிப்பக்கம் அடிய துணியால தொடைச்சுட்டு உள்ள இறக்கற பழக்கம் வெச்சுக்கோ.

சிவாஜிநகர்_சாப்பாட்டுராமன்:
ரெண்டாயிரம் ரூபா குக்கர்ல கால் மணில முடியற வேலைக்கு எட்டாயிரம் குடுத்து முக்கா மணி நேரம் காத்திருக்கறது. நல்லா இருங்கப்பா.

மல்லேஸ்வரம்_அக்கா:
ராமன் சார், அந்த கால் மணியும் அடுப்படில யாரு நிக்கறாங்கன்னு கேட்டா உங்க கணக்கு மாறிடும்.

கேஆர்புரம்_மெக்கானிக்கல்:
பருப்பு வேகாததுக்கு நிமிஷம் மட்டும் காரணம் இல்ல சிஸ்டர். நம்ம ஊர் விசில் குக்கர் கிட்டத்தட்ட 15 பிஎஸ்ஐல (பிரஷர அளக்கற அலகு) வேலை செய்யும், உள்ள 120 டிகிரி பக்கம் போகும். இந்த எலக்ட்ரிக் மாடல்கள் பெரும்பாலும் 10லேர்ந்து 12 பிஎஸ்ஐ தான், 115, 117 டிகிரியோட நின்னுடும். பாக்க சின்ன வித்தியாசம், ஆனா பருப்பு, கொண்டக்கடலைல நல்லாவே தெரியும். அதோட பெங்களூரு கடல் மட்டத்துலேர்ந்து 900 மீட்டருக்கு மேல இருக்கு, திறந்த பாத்திரத்துல தண்ணி இங்க 97 டிகிரிலயே கொதிச்சிடும், குக்கருக்குள்ளயும் அந்த குறைச்சல் கொஞ்சம் வரும். அமெரிக்கா, சென்னைல உக்காந்து எழுதற ரெசிபில 10 நிமிஷம்னா இங்க ஒண்ணு ரெண்டு நிமிஷம் கூட வைங்க.

ஆனா எனக்கு சந்தேகம் உங்க தண்ணி மேலதான். பெல்லந்தூர்னா டேங்கரா போரா? போர் தண்ணில கால்சியம் ஜாஸ்தி, அது பருப்போட தோல், செல் சுவர்ல இருக்கற பெக்டின்ங்கற ஒட்டுப்பொருள கெட்டியாக்கிடும், எவ்வளவு நேரம் வெச்சாலும் முத்து மாதிரியே நிக்கும். பழைய பருப்பா இருந்தா இன்னும் மோசம். பருப்புக்கு மட்டும் ஆர்ஓ தண்ணியோ கேன் தண்ணியோ ஊத்தி பாருங்க. அதுவும் இல்லன்னா ஒரு சிட்டிகை சமையல் சோடா, ஒரே சிட்டிகை, கூட போனா சோப்பு வாசனை வரும். புளியும் தக்காளியும் பருப்பு வெந்ததுக்கு அப்புறம்தான், புளிப்பு சேர்ந்தாலும் வேகாது.

கரண்ட் விஷயம், இது 1000 வாட், 230 வோல்ட்ல நாலரை ஆம்பியர் கூட வராது, சாதா 6 ஆம்பியர் பிளக் தாங்கும். ஆனா அதே எக்ஸ்டென்ஷன் போர்டுல கெட்டிலையும் சொருகாதீங்க. வீட்டு இன்வெர்ட்டர் சின்னதுன்னா இத இழுக்காது, அபார்ட்மெண்ட் ஜெனரேட்டர் லைன்லயும் ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான்னு லிமிட் போட்டிருப்பாங்க, செக்யூரிட்டிகிட்ட கேட்டுக்கோங்க. நடுவுல கரண்ட் போச்சுன்னா பதறாதீங்க, பிரஷர் உள்ளயேதான் இருக்கும். பின் கீழ இறங்கற வரைக்கும் மூடிய மட்டும் நெம்பாதீங்க.

பெல்லந்தூர்_வாசி:
டேங்கர் தண்ணிதான் அண்ணா! பக்கெட்டு, கெய்சர் எல்லாத்துலயும் வெள்ளை வெள்ளையா படியும், அது பருப்பு வரைக்கும் வரும்னு யோசிக்கவே இல்ல. அக்கா, இட்லி?

மல்லேஸ்வரம்_அக்கா:
இட்லிக்கு பிரஷர் வேணாம். ஒன்றரை கப் தண்ணி கொதிக்க விட்டு, தட்டு ஸ்டாண்டு இறக்கி, ஸ்டீம் மோட், வால்வ 'வென்டிங்' பக்கம், அதாவது ஆவி வெளிய போற பக்கம் திருப்பி வை. பிரஷர் ஏறாததால மிஷின் டைமர் ஓடாது, போன்ல 12 நிமிஷம் வெச்சுக்கோ, அடிச்சதும் ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டு எடு. ஸ்டாண்டு வாங்கும்போது உள்பாத்திரத்தோட அகலத்த அளந்துட்டு போ, சிக்பேட்டைல எல்லா சைஸும் கிடைக்கும்.

யோகர்ட் பட்டன பாத்து சிரிக்காத, டிசம்பர் ஜனவரில இந்த ஊர் குளிர்ல மாவு பொங்காம நாம படற பாடு இருக்கே, அதுக்காகவே இத வாங்கலாம். பாத்திரத்துல பாதி மாவு, மேல சாதா தட்டு போட்டு மூடி எட்டு மணி நேரம் யோகர்ட் நார்மல்ல விட்டா காலைல தட்ட தூக்கிட்டு நிக்கும்.

அல்சூர்_தம்பி:
ஸ்லோ குக் பட்டன்ல ராஜ்மா மட்டும் வெச்சிடாதீங்க. காராமணி, கொண்டக்கடலை பரவால்ல, சிவப்பு ராஜ்மால ஒரு நச்சு லெக்டின் இருக்கு, நல்லா கொதிச்சாதான் அழியும், மெதுவா சூடாக்கற மோட்ல அழியாது, வாந்தி வயித்துவலின்னு ஆஸ்பத்திரி போக வேண்டியதுதான். ராத்திரி ஊறவெச்சு, அந்த தண்ணிய கொட்டிட்டு புது தண்ணில பிரஷர் போடுங்க, அதுல பயமில்ல.

அப்புறம் வெங்காயம் தக்காளி சாட்டேல வதக்கி அப்படியே மூடினீங்கன்னா அடி பிடிக்குதுன்னு 'பர்ன்'னு காட்டும். அடியில ஒட்டினத கரண்டியால சுரண்டி, அரை கப் தண்ணி விட்டு, அரிசிக்கான தண்ணியும் ஊத்தி, அதுக்கு மேல அரிசிய கிளறாம பரப்பி மூடுங்க, பிரியாணி கூட ஒட்டாம வரும்.

அக்காகிட்ட ஒரு டவுட்டு, எங்க அண்ணன் நியூஜெர்சிலேர்ந்து வரும்போது அங்க யூஸ் பண்ற குக்கர கொண்டு வர்றேங்கறான், பின் கன்வர்ட்டர் போட்டா ஓடுமா?

கேஆர்புரம்_மெக்கானிக்கல்:
அக்கா வர்றதுக்குள்ள நான் சொல்லிடறேன் தம்பி, வேணாம். அங்க 120 வோல்ட். அஞ்சு ரூபா பின் கன்வர்ட்டர் சொருகற வடிவத்ததான் மாத்தும், வோல்டேஜ மாத்தாது, சொருகின நிமிஷமே புகை வரும். வோல்டேஜ குறைக்கற, 1000 வாட் தாங்கற ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கி அத கவுண்டர்ல வெச்சா குக்கர விட அது பெருசா இருக்கும். பெட்டில அந்த இடத்துக்கு பாதாம் கொண்டு வர சொல்லுங்க.

பெல்லந்தூர்_வாசி:
கேன் தண்ணி, 12 நிமிஷம், பருப்பு வெண்ணெய் மாதிரி மசிஞ்சிடுச்சு!! ரொம்ப தேங்க்ஸ் எல்லாருக்கும். ஒரே பிரச்சனை, மூடி ரப்பர்ல சாம்பார் வாசனை போகவே மாட்டேங்குது, வினிகர்ல ஊறவெச்சும் பாத்தாச்சு, அதே மூடில இன்னைக்கு பால் பாயசம் வெச்சா பெருங்காய பாயசம் ஆயிடுமோ?

மல்லேஸ்வரம்_அக்கா:
ஆயிடும். அந்த ரப்பர் சிலிக்கோன், வாசனைய பிடிச்சுக்கும், முழுசா போகாது. இன்னொரு ரப்பர் அதே மாடலுக்கு வாங்கி இனிப்புக்குன்னு தனியா வெச்சுக்கோ. மூடிய மூடி வெக்காம தலைகீழா கவுத்து வை, பாதி வாசனை அதுலயே அடங்கும். பாயசம் இன்னைக்கு கேஸ்லயே வெச்சுடு.