89 கோடி ஆண்டுப் பழைய குழல்கள் கடற்பஞ்சுதானா?

இளங்கோ:
வடமேற்குக் கனடாவின் லிட்டில் டால் பாறைத்திட்டுகளில் கிடைத்த நுண்குழல்கள், கடற்பஞ்சு என்னும் எளிய விலங்கின் எச்சமாக இருக்கலாம் என்று புவியியலாளர் எலிசபெத் டர்னர் 2021இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். வயது 89 கோடி ஆண்டுகள். எனக்கு அவர் கருத்தே சரியென்று படுகிறது. ஒளி ஊடுருவும்படி கல்லை மெலிதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், மங்கலான சுண்ணச் சேற்றின் நடுவே 20 முதல் 30 மைக்ரோமீட்டர் அகலக் குழல்கள், உள்ளே கால்சைட் என்னும் தெளிந்த சுண்ணப் படிகம். கிளை பிரிகின்றன, மீண்டும் கூடுகின்றன, நாலாபுறமும் வலையாகப் படர்கின்றன. ஒளியில் உணவு தயாரிக்கும் நுண்ணுயிர்களான சயனோபாக்டீரியங்களின் இழைகள் இப்படிப் பின்னிக்கொள்வதில்லை. புரத நார்க்கூடு உள்ள கடற்பஞ்சு இறந்து, சதை சுண்ணமாக இறுகி, நார் பிறகு அழுகினால் எஞ்சுவது இத்தகைய வலைதான்.

கயல்விழி:
எஞ்சக்கூடும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அதனால் மட்டுமே எஞ்சும் என்று எப்படிச் சொல்வீர்கள்? உடலின் வெளிவிளிம்பு இல்லை, நீர் புகுந்து வெளியேறும் கால்வாய் இல்லை, கடற்பஞ்சின் உடலைத் தாங்கும் நுண்முள் ஒன்றுகூட இல்லை. முள் இருந்தால் உடைத்துப் பார்க்கலாம்: நடுவே மெல்லிய அச்சுத் துளை ஓடும், கண்ணாடிக் கடற்பஞ்சில் அது சதுரமாக இருக்கும். படிகம் அந்தத் துளையைப் போலி செய்வது அரிது. உங்கள் குழல்களிடம் இப்படி ஒரு சோதனையும் இல்லை.

இளங்கோ:
முள்ளைக் கேட்பது நியாயமில்லை. குளியலுக்குப் பயன்படும் கடற்பஞ்சுக்கு இன்றும் முள் கிடையாது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுப் பழைய சீனப் பாறையிலிருந்து 2024இல் அறிவித்த ஹெலிகோலோசெல்லஸ் என்னும் கடற்பஞ்சுப் புதைபடிவத்துக்கும் கனிம முள் இல்லை. தொடக்கக் கடற்பஞ்சுகள் மென்னுடலாக இருந்திருந்தால், முள்ளைத் தேடி, சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய கேம்பிரியன் காலத்துக்கு முன்னே போனவர்கள் வெறுங்கையோடு திரும்பியதில் வியப்பென்ன? மரபணு வேறுபாடுகளைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் மூலக்கூறு கடிகாரமும் கடற்பஞ்சுக் கிளையைக் கேம்பிரியனுக்கு வெகு முன்னே வைக்கிறது.

கயல்விழி:
ஹெலிகோலோசெல்லஸை நானே எடுத்துக்காட்டுவேன். சுமார் 40 சென்டிமீட்டர் உயரம், பெரிய கட்டத்துக்குள் சிறிய கட்டமாக ஒழுங்கான பரப்பு. உருவமே சாட்சி சொல்கிறது. அதற்கும் உங்கள் குழல்களுக்கும் இடையே 34 கோடி ஆண்டுகள்! ஓமன் பாறைகளில் கிடைத்த ஸ்டீரேன் என்னும் கொழுப்பு மூலக்கூறின் எச்சத்தையும் 2009இல் கடற்பஞ்சின் கையொப்பம் என்றார்கள். பாசியின் ஸ்டீரால் கொழுப்புகள் மண்ணுக்கடியில் வெப்பத்தில் உருமாறினாலும் அதே மூலக்கூறு வரும் என்று 2020இல் வேறொரு குழு காட்டியது. அந்த அனுபவத்துக்குப் பிறகும் ஒரே ஓர் அடையாளத்தை நம்பலாமா?

தமிழ்மாறன்:
அக்காலத்தில் விலங்குகள் வாழ ஆக்சிஜன் போதாது என்ற ஆட்சேபம் இங்கே வரும் என்று எதிர்பார்த்தேன். அது வலுவற்றது. ஹாலிகோண்ட்ரியா என்னும் இன்றைய கடற்பஞ்சு, தற்போதைய அளவில் 4 விழுக்காடும் அதற்குக் குறைவுமான ஆக்சிஜனில் உயிரோடிருந்ததை 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. எனக்கு முக்கியம் இடம்தான். குழல்கள் திட்டின் ஒளி குன்றிய குழிகளிலும் ஓரங்களிலும் இருக்கின்றன, அதாவது சயனோபாக்டீரியங்கள் செழிக்காத இடங்களில்.

கயல்விழி:
பூஞ்சைக்கும் வெளிச்சம் தேவையில்லை, ஐயா. பூஞ்சையிழைகளும் கிளைத்துக் கூடும்.

இளங்கோ:
பூஞ்சையிழை பெரும்பாலும் இதைவிட மெலிது, கயல்விழி. அகலத்தோடு நிற்க வேண்டாம். கல்லை அடுக்கடுக்காகத் தேய்த்து, ஒவ்வொரு அடுக்கையும் படமெடுத்து வலையை முப்பரிமாணத்தில் மீட்டெடுக்கலாம். கிளைகள் கூடும் கோணங்களை இன்றைய நார்க்கூட்டோடும் பூஞ்சை வலையோடும் ஒப்பிடட்டும்.

கயல்விழி:
கனிமக் கட்டிகளுக்கு இடையே தானாக விழும் இடைவெளிகளையும் அந்த ஒப்பீட்டில் சேர்த்தால் சம்மதம்.