ஏறுவதற்கு மட்டுமா ஃபோர் வீல்?

வேலூர்க்காரன்:
மலைமேல் இருக்கும் பீஞ்சமந்தைக்கு மண்பாதை மட்டும் இருந்த காலம். ஒடுகத்தூரிலிருந்து மாமாவின் பழைய ஜீப்பில் போனேன். ஏறும்போது ஃபோர் வீல், அதாவது எஞ்சின் நாலு சக்கரத்தையும் ஓட்டும் நிலை, போட்டு ஜம்மென்று ஏறியாச்சு. திரும்பும்போது, இறக்கம்தானே, எதற்கு வீணாக என்று லீவரை, பின்சக்கரங்களை மட்டும் ஓட்டும் டூ வீலுக்குத் தள்ளிவிட்டேன்.

மதியம் மழை அடித்திருந்தது. செம்மண் வழுவழுவென்று கிடந்தது. பின்னால் சுமை இல்லை. செகண்ட் கியரில் ஆக்சிலரேட்டரை விட்டால் எஞ்சின் பிடிக்கும் என்பது என் கணக்கு. பிடித்தது, ஆனால் பின்சக்கரங்களை மட்டும். வண்டி மூக்கைக் கீழே குத்தி இறங்கும்போது எடை முழுக்க முன்பக்கம் போய்விடும், பின்பக்கம் லேசாகிவிடும். அந்த லேசான சக்கரங்களைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? பின்பக்கம் பள்ளத்துப் பக்கமாக அரைவட்டம் போட்டது. பதறி பிரேக்கை மிதித்தேன். முன்சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டது. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகவே வழுக்கியது. மலைப்பக்கத்து வாய்க்காலில் ஒரு சக்கரம் இறங்கித்தான் நின்றோம்.

பின்னால் புளி மூட்டையோடு வந்த ஜீப்காரப் பெரியவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, ஏர்றதுக்கு மட்டுந்தான் நாலு சக்கரமா? நின்னபடியே லோவுல போடு. ஃபர்ஸ்ட் கியர். கிளட்ச் பக்கம் காலே போவக்கூடாது."

லோ என்றால் நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் நிலை. அப்படியே செய்தேன். எஞ்சின் உறுமிக்கொண்டே நாலு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்க, வண்டி நடை வேகத்தில் இறங்கியது. முன்னும் பின்னும் ஒரே பிணைப்பில் இருப்பதால் முன்சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றாமல் நின்றுவிடவும் வழியில்லை. பிரேக்கை அநேகமாகத் தொடவே இல்லை.

குடியாத்தம்காரன்:
அண்ணே, நான் லீவரை ஒழுங்காகப் போட்டும் வழுக்கினேன். ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு காட்டுப்பாதை. பழைய வண்டிகளில் முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைக் கையால் திருகி, சக்கரத்தை அச்சோடு பூட்ட வேண்டும். அதை மறந்தால் உள்ளே என்ன போட்டாலும் முன்சக்கரம் சும்மாதான் உருளும், இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பும் அங்கே போகாது. இப்போதெல்லாம் கிளம்பும் முன்னாலேயே இறங்கி, திருகிவிட்டுத்தான் ஏறுகிறேன்.

ஆம்பூர்க்காரன்:
என் கதை நேர் எதிர். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஃபோர் வீலில் இறங்கினால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று நினைத்தவன் நான். காய்ந்த தார் ரோடு வேறு. கால் பிரேக் எந்த வண்டியிலும் நாலு சக்கரத்துக்கும்தான் போகிறது, அது அப்போது உறைக்கவில்லை. வளைவில் முன்சக்கரம் போகும் தூரம் வேறு, பின்சக்கரம் போகும் தூரம் வேறு. ஆனால் ஃபோர் வீலின் பிணைப்பு இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்றவைக்கும். மண்ணில் என்றால் கொஞ்சம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும், தாரில் அதற்கு இடமில்லை. நாலைந்து வளைவுக்குள் ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. லீவரை எடுக்கப் பார்த்தால் அசையவே இல்லை. ஓரம் கட்டி, நேராகப் பத்தடி ரிவர்ஸ் எடுத்த பிறகுதான் டக்கென்று விட்டது. மீதி வளைவுகளை டூ வீலில், செகண்ட் கியரில் இறங்கினேன்.