பஃபரைக் குறைத்தும் பின்தங்கிய கைதட்டல்

கணினியில் பாட்டுப் பதிவு செய்கிற எல்லாரிடமும், லேட்டன்சியில் (ஒலி தாமதமாக வருவதில்) மாட்டி முழித்த கதை ஒன்று இருக்கும். என்னுடையது இது.

ஒரு பாட்டுக்குக் கைதட்டல் வேண்டியிருந்தது. நான் ஒருவனே நாலு தடவை தட்டி நாலு டிராக்காக அடுக்கத் திட்டம். முதல் தடவை மெட்ரோனோமைக் கேட்டுத் தட்டினேன். அந்த டிக் டிக் எரிச்சலாக இருக்கவே அதை அணைத்துவிட்டு, முந்தைய டிராக்கைக் கேட்டே அடுத்ததைத் தட்டினேன். நாலையும் சேர்த்து ஓடவிட்டால் 'டப்' என்று விழவேண்டியது 'டர்ர்ப்' என்று விழுகிறது. தாளம் போதவில்லை என்று நினைத்து ஒரு மாலை முழுக்கத் தட்டினேன். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

பஃபர், அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலித்துண்டின் அளவு, 512 சாம்பிளில் இருந்தது. நொடிக்கு 44100 சாம்பிள் (ஒலியை அளந்தெடுக்கும் சிறு புள்ளி) என்ற ரேட்டில் அது 11.6 மில்லி செகண்ட். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று இரட்டிப்பாகும். 64-க்கு இறக்கினேன். காதில் கேட்ட தாமதம் போய், படபடவென்று பொரியும் சத்தம் வந்தது. டிராக்கோ பழையபடி பின்னால்தான் விழுந்தது. அப்போதுதான் உறைத்தது: காதுக்கு வரும் தாமதம் வேறு, பதிவு தள்ளிப்போய் உட்காருவது வேறு.

பின்னதை மென்பொருளே சரிக்கட்டும். ஆனால் இன்டர்ஃபேஸின் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) டிரைவர் நிரல் சொல்லும் கணக்கை நம்பித்தான் சரிக்கட்டும். டிரைவர் குறைத்துச் சொன்னால் மிச்சம் அப்படியே நிற்கும். இன்டர்ஃபேஸின் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிளைச் செருகி, ஒரு டிக் ஒலியை ஓடவிட்டு அதையே பதிவு செய்தேன் (மானிட்டரிங்கை, அதாவது உள்ளே வரும் ஒலியை உடனே வெளியே கேட்கவிடுவதை, அணைத்துவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் ஊளையிடும்). அலைகளைப் பெரிதாக்கிப் பார்த்தால் இடைவெளி 214 சாம்பிள். சுமார் 4.9 மில்லி செகண்ட். ஒரு டிராக்கில் இது காதுக்கே தெரியாது. ஒன்றைக் கேட்டு இன்னொன்று என்று போனதால் நாலாவது, மெட்ரோனோமுக்கு 19 மில்லி செகண்டுக்கு மேல் பின்னால் போய்விட்டது. மென்பொருளில் பதிவை நகர்த்தி வைக்கும் ரெக்கார்டிங் ஆஃப்செட்டில் 214 போட்டேன். பிளஸ் மைனஸ் மாறி இடைவெளி 428 ஆனது தனிக் காமெடி. குறியை மாற்றியதும் இரண்டு அலையும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன.

—

எனக்கு நேர் எதிர், அண்ணா. பதிவு கச்சிதமாக விழும். பாடும்போது மட்டும் குரல் தாமதமாக வரும். பஃபரும் 64தான். கடைசியில் பார்த்தால் எல்லா டிராக்கும் சேரும் மாஸ்டரில் ஒரு லீனியர் ஃபேஸ் ஈக்யூ (ஒலியின் தன்மையைத் திருத்தும், தாமதமும் சேர்க்கும் பிளக்-இன்) கிடக்கிறது. மிக்ஸ் பாதியில் குரலை மறுபடி எடுக்கப் போனவன் அதை மறந்தே போனேன். பைபாஸ் செய்தும், அதாவது ஒலியில் வேலை செய்யாதபடி நிறுத்தியும், தாமதம் போகவில்லை. என் மென்பொருளில் பிளக்-இன்னை முழுதாகக் கழற்றினால்தான் போகிறது.

—

நான் டைரக்ட் மானிட்டரிங்குக்கு (குரலைக் கணினி வழியாகச் சுற்றாமல் இன்டர்ஃபேஸிலிருந்தே நேராகக் கேட்பது) மாறினேன். குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. மைக்கைக்கூட மாற்றிப் பார்த்தாயிற்று. மென்பொருளிலும் மானிட்டர் பொத்தான் எரிந்துகொண்டிருந்திருக்கிறது! ஒரே குரல் இரண்டு வழியாக, சில மில்லி செகண்ட் முன்பின்னாக வந்து ஒன்றையொன்று தின்றிருக்கிறது.

—

அந்த பைபாஸ் விஷயம் எனக்குப் புதுசு, தம்பி. ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பஃபரை மாற்றினால் கேபிளைச் செருகி மறுபடி அளந்துவிடுங்கள். என் பெட்டியில் 64-க்கும் 512-க்கும் அதே 214தான்; நண்பர் ஒருவரின் பெட்டியில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு எண் வந்தது.