ரேங்க் 62-இல் நின்றுவிடுகிறது, நெட்வொர்க் கோடிங் தெரிந்தவர்கள் உதவவும்

நாகர்கோவில், தக்கலை, குளச்சல் மூன்று இடத்திலும் ராஸ்பெர்ரி பை 4 (சின்னக் கம்ப்யூட்டர்) வைத்து, பாட வீடியோக்களைப் பியர்-டு-பியர் முறையில் பகிர்கிறோம். டொரென்ட்டில் கடைசித் துண்டுக்காகக் காத்துக் கிடக்க முடியாமல்தான் ரேண்டம் லீனியர் நெட்வொர்க் கோடிங்குக்கு (துண்டுகளைத் தற்செயல் எண்களால் பெருக்கிக் கூட்டி, கலவையாக அனுப்பும் முறை) மாறினோம். ஜெனரேஷனுக்கு (சேர்த்துக் கலக்கும் ஒரு தொகுதி) 64 துண்டு, ஃபீல்டில் (அந்தப் பெருக்கும் எண்களின் கணம்) 256 உறுப்பு.

ஓணம் லீவுக்குப் பிறகு புது வெர்ஷன் ஏற்றியதிலிருந்து குளச்சலில் மட்டும் ரேங்க் (ஒன்றோடொன்று சாராத பாக்கெட்டுகளின் எண்ணிக்கை; டிகோட் ஆக 64 வேண்டும்) 61, 62 வரை ஏறி அப்படியே நிற்கிறது, அப்புறம் வருகிற பாக்கெட் எல்லாமே ஏற்கெனவே வந்தவற்றின் கலவைதான். இந்த ஃபீல்டில் தற்செயலாக இவ்வளவு சார்பு வராது. ஜெனரேஷனை 32 ஆக்கினால் 30-இல் நிற்கிறது. ரேண்டம் சீட், கேபிள், மெமரி கார்டு எல்லாம் மாற்றியாச்சு. தக்கலையில் அதே ஃபைல் முழுசாக டிகோட் ஆகிறது. குளச்சலுக்குத் தக்கலை வழியாக மட்டுமே வருகிறது, நேர் இணைப்பு கிடையாது.

தக்கலைப் பெட்டி முழு ரேங்க் வந்த பின்னும் பழைய பஃபரிலிருந்தே ரீகோட் செய்கிறதா (வந்த பாக்கெட்டுகளை மறுபடி கலந்து அனுப்புகிறதா) என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?