பன்னாட்டு சங்கம்: 1925இல் நின்ற போர், 1935இல் ஏன் நிற்கவில்லை?

செழியன்: கிரீஸ் பல்கேரியாவுக்குள் புகுந்தபோது சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ், முதல் உலகப் போருக்குப் பின் அமைதி காக்க நாடுகள் சேர்ந்து அமைத்தது) சில நாளில் நிறுத்திவிட்டது. பத்தே வருஷத்தில் இத்தாலி எத்தியோப்பியாவுக்குள் புகுந்தபோது கையைப் பிசைந்துகொண்டு நின்றது. விதிகள் அதேதானே?

கடலோடி: விதி அதேதான், எதிரில் நின்ற ஆள் வேறு. 1925 அக்டோபர் 22இல் கிரேக்கப் படை பல்கேரிய எல்லை ஊரான பெட்ரிச் பக்கம் நுழைந்தது. பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் பிரியாண்ட் தலைமையில் சங்கத்தின் கவுன்சில் பாரிஸில் கூடி, 24 மணி நேரத்தில் வாபஸ் உத்தரவு, 60 மணி நேரத்தில் படை எல்லைக்கு வெளியே என்று கெடு வைத்தது. பிறகு விசாரணைக் குழு, 45,000 பவுண்டு இழப்பீடு. பிரிட்டனும் பிரான்ஸும் ஒரே குரலில் பேசியதால் கிரீஸுக்கு வேறு வழியில்லை.

நூலகவாசி: எத்தியோப்பியா விஷயத்தில் கோளாறு, இத்தாலி மீது சங்கம் போட்ட தடைப் பட்டியலில். 1935 நவம்பர் 18 முதல் ஆயுதம், கடன், இத்தாலியப் பொருள் இறக்குமதி எல்லாம் தடை. ஆனால் எண்ணெய் இல்லை! லாரியும் விமானமும் எதில் ஓடும்? அமெரிக்கா சங்கத்திலேயே இல்லை, அது விற்றுவிடும் என்பது ஒரு சாக்கு. முசோலினி சண்டைக்கு வந்துவிடுவார் என்ற பயம்தான் பெரிது. டிசம்பரில் எத்தியோப்பியாவின் பெரும் பகுதியை இத்தாலிக்கு விட்டுக்கொடுக்க பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஹோரும் பிரெஞ்சுப் பிரதமர் லாவலும் போட்ட ரகசியத் திட்டம் பாரிஸ் பத்திரிகைகளில் கசிந்ததும் மிச்ச மானமும் போயிற்று.

செழியன்: இத்தாலிப் படை போகும் சூயஸ் கால்வாயை பிரிட்டன் மூடியிருக்கலாமே?

கடலோடி: 1888 உடன்படிக்கைப்படி போர்க்காலத்திலும் கால்வாய் எல்லாக் கப்பலுக்கும் திறந்திருக்க வேண்டும். பிரிட்டன் அதைப் பிடித்துக்கொண்டது. இத்தாலியத் துருப்புக் கப்பல்கள் கட்டணம் கட்டிவிட்டு அதே வழியாகப் போயின.